தனுஷ்கோடி அண்ணாச்சி சைக்கிளில் நின்ற கதை

தூத்துக்குடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டை நம்பக்கூடாது. காலையில் கொடியில் காயப்போட்ட வேட்டி சாயங்காலமும் அங்கேயே இருக்கும் என்று நம்பக்கூடாது. தனுஷ்கோடி அண்ணாச்சி சொல்வதை நம்பக்கூடாது. காற்றாவது புரட்டாசி பிறந்தால் ஓய்ந்துவிடும். அண்ணாச்சி ஓய்கிற மாதம் எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை.

பஜாருக்கே தெரிந்த இந்தச் சங்கதி சகாயராணிக்குத் தெரியாது. அவள் கடற்கரைத் தெருக்காரி. அதனால்தான் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு சுயம்பு சைக்கிள் மார்ட்டுக்குள் நுழைந்தவள், வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து மரியாதையாக ஒரு வணக்கம் வேறு சொல்லித் தொலைத்தாள். எதிர்த்த பாத்திரக்கடை அவருடையது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். அண்ணாச்சி சைக்கிள் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

"என்ன வண்டி தங்கச்சி பாக்குதிய?" என்று கேட்டார் கடைக்காரர் சுயம்புலிங்கம். அவர் ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிளின் சொந்தக்காரரான கோமதிநாயகம் வாத்தியார் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். ரிடையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, ஆனால் முகத்தைப் பார்த்தால் நேற்றே ஆனவர் மாதிரி ஒரு நிம்மதி.

"ட்ரையத்லானுக்கு ஒரு சைக்கிள் வேணும் அண்ணாச்சி," என்றாள்.

சுயம்புலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கம்பெனி நம்மகிட்ட வாரதில்லையேம்மா."

அவள் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினாள். ஊரில் புதிதாக ஆரம்பித்த கடற்கரை உடற்பயிற்சிக் கழகம் அச்சடித்தது. யார் தமிழ்ப்படுத்தினார்களோ, நல்ல மனசுக்காரர். 'நீச்சல், சைக்கிள், ஓட்டம்! மாபெரும் மும்முனைப் போட்டி!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "மும்முனைப் போட்டியா? எந்த வார்டும்மா? சின்னம் ஒதுக்கிட்டாங்களா?"

"அது இல்ல சார். கடல்ல முக்கா கிலோமீட்டர் நீந்தணும். நனைஞ்ச துணியோட ஏறி இருவது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டணும். எறங்கி அஞ்சு கிலோமீட்டர் ஓடணும். அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை. பாரத்துல வண்டியோட ஃப்ரேம் நம்பர் எழுதி இன்னிக்கு ஒரு மணிக்குள்ள குடுக்கணும்."

இதெல்லாம் அவள் தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணாச்சியின் காது 'மும்முனை' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டது. நாற்காலியை அரையடி முன்னால் நகர்த்தினார். பாத்திரக்கடையில் இருந்த மகன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"மும்முனைப் போட்டியா! எம்மா, நீ சரியான எடத்துக்குத்தான் வந்திருக்க. இந்த ஜில்லாவுலயே மும்முனைப் போட்டியில நின்னவன் ஒக்காந்திருக்க கடை இது. அதும் சும்மா நிக்கல, சைக்கிள்ல நின்னேன். வேணும்னா சுயம்புகிட்ட கேளு."

"நின்னாரு. அது வாஸ்தவந்தான்," என்றார் சுயம்புலிங்கம், தலையைத் தூக்காமல், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே.

கடைக்காரரே சாட்சி சொல்லிவிட்டார். சகாயராணிக்கு அப்பாடா என்று இருந்தது. இந்த ஊரில் இதையெல்லாம் செய்து பார்த்த ஒரு மனுஷரைத்தான் அவள் இரண்டு மாசமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் தேடியதற்குக் காரணம் இருந்தது. சகாயராணிக்கு முப்பத்தாறு வயது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். நீச்சல் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆறு வயதிலேயே அண்ணன்மார் படகிலிருந்து தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஓட்டமும் வரும். சைக்கிள்தான் சனியன். பதினாலு வயதில் அதே அண்ணன்மார் அவளைச் சைக்கிளில் ஏற்றி, சீட்டைப் பிடித்துத் தள்ளி, "மிதி, மிதி" என்று கத்திக் கையை விட்டார்கள். மிதிக்கச் சொன்னவர்கள் நிறுத்தச் சொல்லித் தரவில்லை. அவள் தெரு முழுக்க மிதித்து, கோயிலைச் சுற்றி மிதித்து, மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஐஸ் கூடைக்குள் போய்ச் சொருகினாள். கலியாணம் ஆகியும் தெருவில் அவள் பெயர் ஐஸ் ராணிதான்.

இப்போது பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கி ஆறு வாரமாகப் பழகியிருந்தாள். ஓட்டுவது வந்துவிட்டது. நிறுத்துவது மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட மதிலில் உரசி, கையால் மதிலைப் பிடித்துத்தான் நிற்பாள். இது அவளுக்கும் மதிலுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். நோட்டீஸிலோ ஐந்தாவது விதி இப்படி இருந்தது: 'சைக்கிள் சுற்று முடியும் வெள்ளைக் கோட்டுக்கு முன்பே வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். தவறுவோர் வெளியேற்றப்படுவர்.' அந்த வரியை அவள் நாற்பது தடவையாவது படித்திருப்பாள்.

வீட்டில் அவள் கணவன் பிரகாசம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பரணில் ஏற்கெனவே அவள் பாதியில் விட்ட தையல் மிஷின், ஆர்மோனியம், யோகா பாய் எல்லாம் வரிசையாக இருந்தன. சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கே அவன் ஏணியை வைத்து ஏறி, அதற்கும் ஓர் இடம் ஒழித்து வைத்துவிட்டு இறங்கினான். அந்த இடத்தை எப்படியாவது காலியாகவே வைத்துக் காட்டவேண்டும் என்பதுதான் அவளுடைய வைராக்கியம்.

"நீச்சல்லருந்து சொல்லுதேன் கேளு," என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. "எல்லாரும் சட்டையக் கழத்திட்டு நிக்கான். நான் வேட்டி சட்டை, தோள்ல துண்டு, சட்டைப் பையில வெத்தலை. அப்படியே குதிச்சேன். முயல் தீவத் தொட்டுட்டுத் திரும்பி வந்து கரையேறிப் பாக்கேன், வேட்டி நனையல."

"எப்படி நனையாம இருக்கும்?" என்றார் வாத்தியார்.

"வேகம் வாத்தியாரே. தண்ணி வந்து ஒட்டுததுக்குள்ள நான் அடுத்த எடத்துக்குப் போயிட்டேன். வெத்தலை மட்டும் லேசா ஈரமாயிருந்துது. அது வீட்டுலருந்து வரும்போதே ஈரந்தான்."

சகாயராணி சிரித்துவிட்டாள். பெரியவர் கொஞ்சம் கலகலப்பானவர் என்று நினைத்துக்கொண்டாள். கடலோரத்தில் பிறந்தவளுக்கு மீன் பிடித்தவன் கை விரிக்கிற அளவில் பாதிதான் மீன் என்று தெரியும். பாதியைக் கழித்தாலும் மிச்சம் பாதி இருக்குமே என்பது அவள் கணக்கு.

"வண்டி எப்படி அண்ணாச்சி எடுத்தீய? அதச் சொல்லுங்க. எனக்கு இதான் மொத வண்டி."

கடையில் மூன்று வண்டிகள் அவள் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தன. ஒன்று தடிமனான டயர் போட்டது, மலை ஏறுகிறவர்களுக்கானது. ஊரிலேயே உயரமான மேடு துறைமுகப் பாலம்தான். ஒன்று சாம்பல் நிறத்தில், நேர் ஹேண்டில்பாரோடு, கொஞ்சம் கியர் வைத்து, பார்த்தால் அரசாங்க அலுவலகத்து ஆள் மாதிரி இருந்தது. மூன்றாவது கண்ணாடிக்குள் தொங்கியது. ரத்தச் சிவப்பு, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராததால் விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே வந்ததிலிருந்து அவள் கண் அதிலேயேதான் இருந்தது. அண்ணாச்சி அதைக் கவனித்துவிட்டார்.

"வண்டி எடுக்கதுன்னா, எல்லாவனும் கடைக்குப் போயி டயர அமுக்கிப் பாப்பான், பெல்ல அடிச்சுப் பாப்பான். நான் தராசக் கொண்டு போனேன். எங்க கடைத் தராசு, அண்டா நிறுக்கது. மதுரையில ஒரு பெரிய கடை. அம்பது வண்டி நிக்குது. ஒவ்வொண்ணாத் தூக்கித் தட்டுல வைக்கேன். நாப்பத்தொம்பது வண்டிக்கும் தட்டு கீழ போவுது. அம்பதாவது வண்டிய வச்சேன் பாரு, தட்டு மேல போச்சு!"

"படிக்கல்லு எதிர்த்தட்டுல இருந்துருக்கும்," என்றார் வாத்தியார்.

"எதிர்த்தட்டு காலி வே! வெறுந்தட்டு கீழ, வண்டி வச்ச தட்டு மேல. கடைக்காரரு பதறிப்போயிட்டாரு. 'அத மட்டும் தொடாதிய அண்ணாச்சி, நேத்துதான் கூரையிலருந்து கொக்கி போட்டு எறக்குனோம்'னாரு. இதுதான்யா என் வண்டின்னு எடுத்துட்டேன். பஸ்ஸுலதான் வந்தேன். வண்டிய நூல்ல கட்டி ஜன்னல் வழியாப் பிடிச்சுக்கிட்டேன். அது பட்டம் மாதிரி மேல வருது. கண்டக்டரு லக்கேஜ் டிக்கெட்டு போடணும்னாரு. 'பஸ்ஸுக்குள்ளயா இருக்கு'ன்னு கேட்டேன். அண்ணாந்து பாத்தாரு, பேசாமப் போயிட்டாரு."

"மைனஸ் எடை," என்றார் வாத்தியார் தனக்குள். முப்பது வருஷ சர்வீஸில் அப்படி ஒரு கணக்கு அவருக்கு வந்ததில்லை.

"வீட்டுல நிறுத்தணும்னா ஸ்டாண்டு போட்டாப் பத்தாது. அஞ்சு கிலோ படிக்கல்லக் கட்டித் தொங்கவிடணும். ஒரு நா மறந்துட்டேன். ரெண்டு காக்கா ஆளுக்கொரு பக்கம் ஹேண்டில்பாரக் கவ்விக்கிட்டுப் போயி லைட்ஹவுஸ் உச்சியில கூடு கட்டிருச்சி. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் காத்திருந்துல்ல எறக்குனேன்? பாவம் பாக்கணும்லா."

சகாயராணி போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளி, உள்ளே தொங்கிய சிவப்பு வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். பஞ்சு மாதிரி வந்தது. இன்னொரு தடவை தூக்கினாள். காக்காயைக் கழித்துவிட்டாலும் எடை குறைவுதான் முக்கியம் என்பது உண்மையாகத்தான் இருக்கும். இந்த வண்டியில் அவள் தெருவுக்குள் போய் நின்றால் ஐஸ் ராணி என்ற பெயர் அன்றைக்கே செத்துவிடும். 'போய்' வரைக்கும் சரி, 'நின்றால்' என்பதுதான் இடித்தது.

"அண்ணாச்சி, நீங்களே இத ஒரு சுத்து ஓட்டிப் பாத்துச் சொல்லுங்களேன்," என்றாள்.

சுயம்புலிங்கம் டியூபைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தார். வாத்தியார் ஸ்டூலில் வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நானா?" என்றார் அண்ணாச்சி. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்கென்னம்மா, ஏறி உக்காந்தாப் போச்சு. ரோடு தாங்காது. போன தடவ ஓட்டுனதுல தாரு உருகி ரெண்டு ஆட்டோ ஒட்டிக்கிட்டு. இனிமே ஓட்டணும்னா மொதல்லயே எழுதிக் குடுங்கன்னு பெரிய எடத்துலருந்து ஆள் வந்து கைய எடுத்துக் கும்புட்டுட்டுப் போயிருக்கான். குடுத்த வாக்கு இருக்குல்லா?"

"சரிதான்," என்றாள் அவள் ஏமாற்றத்தோடு. சுயம்புலிங்கம் பஞ்சர் வேலைக்குத் திரும்பினார்.

"ஆனா போட்டியன்னிக்கு ஓட்டுனதச் சொல்லுதேன்," என்று அண்ணாச்சி சுதாரித்துக்கொண்டு வேகம் பிடித்தார். "கச்சான் காத்து எதிர்க்க அடிக்கி. மத்தவனெல்லாம் பெடல மிதிக்கான், வண்டி பின்னால போவுது. நான் தலையக் குனிஞ்சு ஒரே மிதி. காத்து பயந்துபோயி தெச மாறிட்டு. அன்னிக்கு மட்டும் ஊர்க்காரனுக்கு ஆடி மாசத்துல கெழக்கருந்து கொண்டல் அடிச்சுது. உப்பளம் வழியாப் போறேன். நான் போற வேகத்துக்கு ரெண்டு பக்கமும் பாத்தியில தண்ணி வத்தி, பின்னாலயே உப்பு பூத்துக்கிட்டு வருது. அளத்துக்காரவிய ஓடி வந்து, 'அண்ணாச்சி, தெக்க நாலு பாத்தி பாக்கியிருக்கு, அப்படியே ஒரு சுத்து வந்துட்டுப் போயிருங்க'ன்னாவ. போட்டி நடக்குதுய்யான்னு சொன்னேன். இருந்தாலும் மனசு கேக்கல. ஒரு சுத்து சுத்திக் குடுத்துட்டுத்தான் போனேன்."

"மணிக்கு எத்தன கிலோமீட்டர் இருக்கும்?" என்று வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அளக்கதுக்கு மீட்டர் வச்சிருந்தேன் வாத்தியாரே. முள்ளு ரெண்டு சுத்து சுத்தி, அறுந்து, அந்தாக்குல விழுந்துட்டு. ஒரு கணக்குக்கு வேணும்னா ரயிலச் சொல்லுதேன். மெட்ராஸ் ரயிலு பக்கத்துத் தண்டவாளத்துல போவுது. நான் தாண்டுதேன். உள்ள இருந்தவனெல்லாம் என்னப் பாத்துட்டு, ரயிலு பின்னால போவுதுன்னு நெனச்சு, ஐயோ பிரேக்கு போச்சேன்னு சங்கிலியப் பிடிச்சு இழுத்துட்டான். கோயில்பட்டிக்கிட்ட ஒரு மணி நேரம் ரயிலு நின்னுது. இன்னும் அந்த டிரைவரு என்னக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுவாரு."

"இருவது கிலோமீட்டர் போட்டியில கோயில்பட்டிக்கு எதுக்குப் போனீய?"

"திரும்புத எடத்துல திரும்ப முடியல வே. அவ்வளவு வேகம். வண்டி திரும்புததுக்கே கோயில்பட்டி தாண்டிட்டு." வாத்தியார் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

கடிகாரம் பன்னிரண்டே காலைக் காட்டியது. சகாயராணி முடிவுக்கு வந்துவிட்டாள். "அண்ணாச்சி, அந்தச் செவப்பயே எறக்கிருங்க," என்றாள் கடைக்காரரிடம். சுயம்புலிங்கம் அவளைப் பார்த்தார், சிவப்பு வண்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, விற்கிற நேரத்தில் வாயை மூடுவது வியாபாரியின் லட்சணம் என்று மூடிக்கொண்டார். வண்டியை இறக்கி, பெடல் பக்கமாகக் குனிந்து நம்பரைப் படித்தார். அவள் பாரத்தை சீட்டின் மேல் வைத்து எழுதத் தொடங்கினாள். சீட்டு அவள் விலா எலும்பு உயரத்துக்கு இருந்தது.

அண்ணாச்சிக்குத் தன் ஜெயத்தைக் கண்ணால் பார்க்கிற சந்தோஷம். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "வேகம்னா சும்மா இல்ல. போட்டி முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்துட்டேன், என் நெழலு வரல. வழியில எங்கயோ பின்தங்கிட்டு. மறுநா மத்தியானம் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கி. எங்க வீட்டுக்காரி, பாவம் களைச்சு வந்துருக்குன்னு, அதுக்கும் ஒரு எலை போட்டுச் சோறு வச்சா."

"பிரேக்கு எப்படி அண்ணாச்சி இருந்துது?" என்றாள் சகாயராணி, எழுதிக்கொண்டே. ரொம்ப நேரமாக அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

"பிரேக்கா?" அண்ணாச்சி அருவருப்போடு சிரித்தார். "கழத்திக் கடாசிட்டேன். வெட்டி வெயிட்டு! போறதுக்கு வாங்குன வண்டிக்கு நிக்கதுக்கு எதுக்கும்மா சாமான்?"

அவள் பேனா நின்றது. நம்பரில் மூன்று எழுத்து எழுதியாயிற்று, நாலாவது வரவில்லை. ஐஸ் கூடையின் வாடை இருபத்திரண்டு வருஷம் கழித்து மூக்கில் வந்து ஏறியது. அவள் நிமிர்ந்து அண்ணாச்சியின் காலைப் பார்த்தாள். கால்மேல் போட்ட கால், வெள்ளை வேட்டி, பளபளக்கிற தோல் செருப்பு. சைக்கிள் பழகிய ஆறு வாரத்தில் அவளுக்குக் கணுக்காலில் மூன்று தழும்பு, முழங்காலில் ஒரு கட்டு. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரம் சொன்ன கதையில் மனுஷர் பறந்தார், திரும்பினார், ரயிலைத் தாண்டினார், உப்பு விளைவித்தார். ஓரிடத்திலும் ஒரு காலைத் தரையில் ஊன்றவில்லை.

"அண்ணாச்சி," என்றாள் மெதுவாக, "சைக்கிள் முடிஞ்சு ஓடணும்லா?"

"ஓடுனேனே! ஓட்டத்துல நான்..."

"ஓடுனது இருக்கட்டும். ஓடுததுக்கு முன்னால வண்டிய விட்டு எறங்கணும்லா. பிரேக்கு கெடையாது, ரயில விட வேகம். எப்படி எறங்குனீய?"

அண்ணாச்சி துண்டைத் தேடினார், அது தோளில்தான் இருந்தது. வாத்தியார் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். சுயம்புலிங்கத்தின் கையிலிருந்த டியூப் புஸ்ஸென்று காற்றை விட்டது, அவர் கவனிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அண்ணாச்சியிடம் எப்படிப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி நின்றீர்கள் என்று ஒருத்தர் கேட்டதில்லை. ஓட்டியவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணாச்சி பெரிய ஆள்தான். பத்து எண்ணுவதற்குள் முகம் தெளிந்துவிட்டது.

"நான் எறங்குனேன்னு யாரும்மா சொன்னா?"

"பின்னே?"

"எறங்கவே இல்ல. நான் இன்னும் வண்டியிலதான் போய்க்கிட்டிருக்கேன். இந்நேரம் காசிப் பக்கம் இருப்பேன்." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "இங்க ஒக்காந்து ஒங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கது, மறுநா மத்தியானம் வந்து சேந்துச்சே, அந்த நெழலு!"

கோமதிநாயகம் வாத்தியார் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அதில் கேலி பாதிதான் இருந்தது.

சுயம்புலிங்கம் மட்டும் டியூபைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, அண்ணாச்சி மும்முனைப் போட்டியில நின்னது வாஸ்தவம். சைக்கிள்ல நின்னதும் வாஸ்தவம். எங்க பஜார் வணிகர் சங்கத் தேர்தல். மூணு பேரு நின்னாவ. ஒருத்தருக்குக் குடை, ஒருத்தருக்கு பூட்டு, அண்ணாச்சிக்கு சைக்கிள் சின்னம். முந்நூத்திச் சொச்சம் ஓட்டுல பதினொண்ணு விழுந்துது. அவரு எறங்கல. நாங்கதான் எறக்கிவிட்டோம்."

"பன்னெண்டு," என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணு செல்லாத ஓட்டு."

"அப்போ சைக்கிள்?" என்று கேட்டாள் சகாயராணி. "நெசச் சைக்கிள்?"

அண்ணாச்சி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்க்கடையில் மகன் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு ஏறுனதே இல்லம்மா," என்றார் சுயம்புலிங்கம், இந்த முறை கொஞ்சம் தணிந்த குரலில். "சின்ன வயசுல ஒரு தடவ விழுந்தாராம். அதோட சரி."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரம் போயிருந்தது, தவறான வண்டியின் நம்பரில் பாதி பாரத்தில் ஏறியிருந்தது. ஆனால் 'ஒரு தடவ விழுந்தாராம்' என்றதும் அந்தக் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் இப்போதுதான் அந்தப் பெரியவரைச் சரியாகப் பார்த்தாள். தான் பள்ளிக்கூட மதிலைப் பிடித்துக்கொண்டாள், இவர் கதையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று பட்டது.

"மூணு வண்டியையும் வெளிய எடுத்து வையுங்க," என்றாள் சுயம்புலிங்கத்திடம். "நான் ஓட்டிப் பாக்கப் போறதில்ல. எறங்கிப் பாக்கப் போறேன்."

இருபது வருஷக் கடையில் அப்படி யாரும் வண்டி பார்த்ததில்லை. கடை வாசலில் மூன்று சைக்கிளும் வரிசையாக நின்றன. சிவப்பு வண்டியில் ஏறினாள். சீட்டை எவ்வளவு தாழ்த்தியும் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. இறங்கும்போது குறுக்குக் கம்பி இடித்து, சுயம்புலிங்கம்தான் பிடித்துக்கொண்டார். தடி டயர் வண்டியில் கால் எட்டியது, ஆனால் சாய்ந்தால் அவளையும் சேர்த்துச் சாய்க்கிற கனம். சாம்பல் வண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் இறக்கினாள். பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. பிரேக்கை அமுக்கினாள். இரண்டு விரல் போதுமாக இருந்தது.

"முக்கு வரைக்கும் போயிட்டு வாரேன்," என்று மிதித்துவிட்டாள்.

போவதில் ஒரு கஷ்டமும் இல்லை. திரும்பி வரும்போதுதான் பஜாரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கச்சான் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது, அண்ணன்மார் தள்ளிய மாதிரியே. நேர் எதிரே அண்ணாச்சி கடையின் பித்தளைக் குடங்கள் வெயிலில் மின்னிக்கொண்டு வாசல் வரைக்கும் அடுக்கியிருந்தன. மகன் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். மதில் எங்கே என்று அவள் கண் தேடியது. மதில் இல்லை.

"பிரேக்கு! பிரேக்க அமுக்கும்மா!" என்று ஒரு குரல் கேட்டது. அது அண்ணாச்சியின் குரல். பிரேக்கைக் கழற்றிக் கடாசிய மனுஷர் நாற்காலியின் மேலேயே ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டு விரலால் அமுக்கினாள். வண்டி மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றது. இடது காலை இறக்கி ஊன்றினாள். குடத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, எதையும் பிடிக்காமல், யார்மேலும் மோதாமல், சகாயராணி ஒரு சைக்கிளை விட்டு இறங்கினாள். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. வெயிலுக்குக் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தாள். பாரத்தில் மூன்று எழுத்தை அடித்துவிட்டு, புது நம்பரை எழுதி, ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தாள்.

போட்டி முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. செயினுக்கு எண்ணெய் விடச் சாம்பல் வண்டியைத் தள்ளிக்கொண்டு சகாயராணி கடைக்கு வந்தபோது, அண்ணாச்சி அதே நாற்காலியில் இருந்தார். புதிதாக வண்டி வாங்க வந்திருந்த ஒரு பேங்க் மேனேஜர் பயபக்தியோடு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"...கடல்லருந்து எந்திரிச்சா பாருங்க, அலை ரெண்டாப் பொளந்து வழி விட்டுது. சைக்கிள்ல ஏறுனா. எதுக்க வந்த காத்து 'அக்கா, நீங்க போங்க'ன்னு ஒதுங்கிட்டு. எம்பத்திமூணு பேருல மத்த எம்பத்திரெண்டு பேரு இன்னும் வந்து சேரல, தேடிக்கிட்டிருக்காவ. அந்தப் புள்ளைக்கு வண்டி எடுத்துக் குடுத்தது யாரு? நானு! அந்தா, அவளே வாரா. கேட்டுக்கிடுங்க."

மேனேஜர் திரும்பினார். "மேடம், இவர் சொல்றதெல்லாம் நெஜமா?"

சகாயராணி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள். அண்ணாச்சி அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். வாத்தியார் இல்லாத நேரம், சுயம்புலிங்கம் உள்ளே எண்ணெய் எடுக்கப் போயிருந்தார். அண்ணாச்சியைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அவள் கையில்தான் இருந்தது.

"வண்டி எடுத்துக் குடுத்தது அண்ணாச்சிதான். அது வாஸ்தவம்," என்றாள். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல்.

"அப்போ மொதப் பரிசா?"

"இல்ல சார். எம்பத்திமூணு பேருல எம்பத்திரெண்டாவதா வந்தேன். எம்பத்திமூணாவது ஆளு பாதியிலயே ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு." குனிந்து செயினைத் துடைக்க ஆரம்பித்தாள். "ஆனா வெள்ளக் கோட்டுக்கு ரெண்டு அடி முன்னால, யாரும் என்ன எறக்கிவிடல. நானா எறங்குனேன்."